தலைப்புக்குள் வந்த சுனாமி: அறிவியல் சொல் பத்திரிகையில் உருவகமாகும் பாதையைத் தேட ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையிலிருந்து செய்தி அனுப்பும் நிருபர் ஒருவர் கார்த்திகை, மார்கழியில் ஒரே பகலில் இரண்டு செய்தி எழுத நேரிடும். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் (காற்றின் அமுக்கம் குறைந்த பகுதி) உருவாகியிருப்பதால் கடற்றொழிலாளர் கடலுக்குப் போக வேண்டாம் என்ற வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தல் ஒன்று. காணி விடுவிப்புக்காக அதிகாரிகளுக்கு அழுத்தம் கொடுக்கப்படுகிறது என்பது மற்றது. பௌதிகவியல் பாடத்தில் அமுக்கம் என்றால் ஓர் அலகுப் பரப்பின் மீது செங்குத்தாகத் தொழிற்படும் விசை. முதற்செய்தியில் அதை அளந்து எண்ணில் சொல்லலாம். இரண்டாவதில் பரப்பும் இல்லை, எண்ணும் இல்லை. ஆனாலும் வாசகர் எங்கும் தடுக்குப்படாமல் வாசித்துவிடுகிறார்.

ஆய்வுகூடத்திலும் அவதான நிலையத்திலும் புழங்கும் ஒரு சொல் அரசியல் பக்கத்துக்கும் விளையாட்டுப் பக்கத்துக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதைத் தேடிப் பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. உயர்தரத்தில் ஊடகக் கற்கை படிப்பவர்கள், பிராந்திய நிருபர்கள், ஆசிரியபீடத்தில் தலைப்புப் போடுபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இது: உருவகம் ஓர் அறிவியல் சொல்லின் பல குணங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்கிறது. அதில் பிழை இல்லை, உருவகத்தின் வேலையே அதுதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் அப்படியே புழங்கிய பிறகு, அந்த ஒரு குணமே சொல்லின் முழு அர்த்தம் என்று மக்கள் மனதில் பதிந்துவிடுகிறது. அறிவியல் அர்த்தம் உண்மையிலேயே தேவைப்படும் நாளில் மீதிக் குணங்கள் ஞாபகத்தில் இருக்காது. கடலோர மாவட்டத்தில் அது உயிரோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

படி 1: ஒரே ஒரு சொல்லை எடுங்கள்

பூகம்பம், அதிர்வலை, கொதிநிலை, நீரோட்டம், வைரல், மரபணு, கெமிஸ்ட்ரி, ஒளியாண்டு, ஊக்கி, துருவமயமாதல், கிரகணம் என்று பட்டியல் நீளும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கப் போனால் ஒன்றும் கையில் நிற்காது. அறிவியல் அர்த்தமும் உருவக அர்த்தமும் இரண்டுமே இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால்தான் இரண்டுக்கும் இடையிலான இழுபறியைப் பார்க்கலாம்.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது சுனாமி. காரணம் எளிது. 2004 டிசம்பர் 26க்கு முன் நம்மில் பெரும்பாலானோர் கேள்விப்படாத சொல் அது. எந்த நாளில் அது ஊர்ச்சொல்லானது என்று திகதியோடு சொல்ல முடிகிற சொற்கள் அரிது. திருகோணமலைக் கரையோர ஊர்களான மூதூரிலும் கிண்ணியாவிலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் அந்த அர்த்தத்தை யாரும் அகராதி பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எடுத்த சொல் எங்கே பிறந்தது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். அலை, விசை, அழுத்தம், நீரோட்டம், தாக்கம் எல்லாம் முதலில் ஊர்ச்சொற்கள். அறிவியல் அவற்றை எடுத்து எல்லை கட்டிக்கொண்டது. பிறகு பத்திரிகை எடுத்தது. வைரஸ், டிஎன்ஏ, சுனாமி ஆகியவை வெளியிலிருந்து நேராகக் கலைச்சொல்லாகவே வந்தவை. முதல்வகைச் சொல்லில் எது பழைய ஊர் அர்த்தம், எது அறிவியலிலிருந்து திரும்பியது என்று பிரிப்பது கடினம். பழகுவதற்கு இரண்டாம் வகையே நல்லது.

படி 2: அறிவியல் அர்த்தத்தைக் குணம் குணமாக எழுதிவையுங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியம். ஒரு கொப்பியின் இடப்பக்கத்தில் சொல்லின் அறிவியல் குணங்களை ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். ஒரே வாக்கிய வரைவிலக்கணம் போதாது. உருவகம் எந்தக் குணத்தைப் பிடித்தது என்று பிறகு பார்க்க வேண்டுமானால், எல்லாக் குணங்களும் முன்னால் இருக்க வேண்டும்.

சுனாமிக்கு அந்தப் பக்கம் இப்படி இருக்கும். காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பிலும் அதற்குச் சற்றுக் கீழும் மட்டுமே அசைவை உண்டாக்கும். சுனாமியில் கடலடி முதல் மேற்பரப்பு வரை முழு நீரும் நகரும். கடலடித்தளம் திடீரென மேலோ கீழோ எழும்பித் தாழும்போது அதன் மேலுள்ள நீர்த்திரள் முழுவதும் இடம்பெயர்வதே வழமையான காரணம். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர் வேகத்தில் போகும். ஆழம் 10 மீற்றராகக் குறையும்போது வேகம் 40 கிலோமீற்றருக்கும் கீழே வந்துவிடும். வேகம் குறையக் குறைய உயரம் கூடும். நடுக்கடலில் அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் இடையே நூறு கிலோமீற்றருக்கு மேலும் இருக்கும் என்பதால் படகில் இருப்பவருக்கு அது போனதே தெரியாது. அது ஒற்றை அலையாக வராது, தொடராக வரும். இரண்டாவதோ மூன்றாவதோ முதலாவதைவிடப் பெரிதாக இருக்கலாம். சில இடங்களில் கடல் முதலில் உள்வாங்கும், சில இடங்களில் உள்வாங்காமலே ஏறிவரும்.

சொல்லின் பிறப்பையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியில் 'ட்சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை. கடலுக்குப் போன மீனவர்கள் வெளியில் ஒன்றும் உணராமல் திரும்பி வந்து, துறைமுகம் அழிந்து கிடந்ததைப் பார்த்ததால் வந்த பெயர் என்பது வழக்கமான விளக்கம். நடுக்கடலில் தெரியாது, துறைமுகத்தில்தான் தெரியும் என்ற அறிவியல் குணம் பெயருக்குள்ளேயே இருக்கிறது. இயற்கைத் துறைமுகத்தால் உலகம் அறிந்த திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதைவிட நெருக்கமான பெயர் இருக்க முடியாது.

படி 3: வாக்கியங்களைச் சேகரியுங்கள்

தலைப்பை மட்டும் எழுதி வைத்தால் போதாது. முழு வாக்கியம், திகதி, எந்தப் பக்கம், சொல்லுக்கு முன்னால் நிற்கும் அடைமொழி, பின்னால் வரும் வினை என்று ஐந்தையும் குறியுங்கள். ஒரு சொல்லுக்கு நாற்பது ஐம்பது வாக்கியம் சேர்ந்தால் ஒழுங்கு தெரியத் தொடங்கும்.

எங்கே தேடுவது? நூலகங்களில் கட்டி வைத்திருக்கும் பழைய பத்திரிகைகள் முதல் இடம். வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருவதால் அணு, பூகம்பம் போன்ற பழைய சொற்களை அவற்றில் நீண்ட காலத்துக்குப் பின்தொடரலாம். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து இதழ்கள் நிறைய இருக்கின்றன. படமாக ஏற்றிய பக்கங்களில் சொல்லைத் தட்டித் தேட முடியாது, உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும். வாசிப்பில் கிடைக்கும் பக்கத்துச் செய்திகளும் பிறகு உதவும்.

சுனாமிக்கு எல்லா நாள் இதழ்களையும் புரட்ட வேண்டியதில்லை. 2005 முழுவதும் அந்தச் சொல் அநேகமாக நேர் அர்த்தத்தில்தான் வரும். நிவாரணம், முகாம், வீட்டுத்திட்டம், காணாமற்போனோர். அதன்பிறகு பொதுத்தேர்தல் முடிவு வந்த வாரங்களைப் பாருங்கள்: 2010 ஏப்ரல், 2015 ஓகஸ்ட், 2020 ஓகஸ்ட், 2024 நவம்பர். கிரிக்கெட் உலகக்கிண்ண மாதங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உருவகம் பெருகுவது வெற்றி தோல்விப் பக்கங்களில்தான்.

பத்திரிகையோடு நிற்காமல் சந்தையிலும் பஸ்ஸிலும் சனங்கள் கதைப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கிண்ணியாப் பக்கம் ஒருவரிடம் வழி கேட்டால், "அந்தச் சுனாமி வீட்டைத் தாண்டி வலப்பக்கம் திரும்புங்கோ" என்பார். சுனாமி வீடு என்றால் சுனாமி உடைத்த வீடு என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஊரில் அதற்கு அர்த்தம் நேர்மாறு: உடைந்த வீட்டுக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வீடு. "சுனாமிக்கு முந்திப் பிறந்த பிள்ளை" என்பதில் சுனாமி ஓர் ஆண்டுக்கணக்கு. இந்த இரண்டிலும் ஒப்புமை எதுவும் இல்லை. ஒன்றோடு ஒன்று தொடர்புடையதால் ஒன்றின் பெயர் இன்னொன்றுக்கு ஆகி வருகிறது; பள்ளிக்கூடத்தில் படித்த ஆகுபெயர்தான். தேர்தல் பக்கம் செய்வதோ ஒப்புமை. சொல்லை அனுபவித்தவர்கள் அதைத் தொடர்பால் நீட்டுகிறார்கள், தூர இருந்து பார்த்தவர்கள் ஒப்புமையால் நீட்டுகிறார்கள். நான் கவனித்த சொற்களில் இந்த வேறுபாடு திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் கொப்பியில் இதற்குத் தனி நிரல் போடுங்கள்.

படி 4: உவமையா, உருவகமா என்று பாருங்கள்

மலர்முகம் (மலர் போன்ற முகம்) என்றால் உவமைத்தொகை, முகமலர் (முகமாகிய மலர்) என்றால் உருவகம். சாதாரண தரத் தமிழ்ப் பாடத்தில் நாம் படித்த இந்தப் பாடமே இங்கே நல்ல அளவுகோல். ஒரு சொல் உருவகமாக முதிர்வதை நாலு கட்டமாகப் பார்க்கலாம்.

முதல் கட்டத்தில் எழுதுபவருக்கே தயக்கம் இருக்கும். 'சுனாமி போல வாக்குகள் குவிந்தன' என்று உவம உருபு போடுவார். அல்லது சொல்லை ஒற்றை மேற்கோளுக்குள் வைப்பார். அடுத்ததாக அடைமொழி வரும்: அரசியல் சுனாமி, தேர்தல் சுனாமி. இது கடல் சமாசாரம் இல்லை என்று வாசகருக்குச் சொல்லத்தான் அந்த அடைமொழி. மூன்றாவதில் வாக்குச் சுனாமி. வாக்குகளாகிய சுனாமி என்று விரியும் முழு உருவகம், முகமலர் மாதிரி. நாலாவதில் சொல் தனியாக நிற்கும். அதோடு அதன் குடும்பமும் கூட வந்துவிடும்: வேட்பாளர்கள் 'அடித்துச் செல்லப்பட்டனர்', கோட்டை 'மூழ்கியது', ஒருவர் மட்டும் 'கரையேறினார்'. வினைகள் இடம்பெயர்ந்துவிட்டால் உருவகம் குடியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

எல்லாச் சொல்லும் இந்த வரிசையிலேயே போகும் என்றில்லை. சூறாவளி, 'சூறாவளிப் பிரசாரம்' என்ற உவமைத்தொகையிலேயே பல காலமாக உறைந்து நிற்கிறது; 'பிரசாரச் சூறாவளி' என்று எழுதுபவர்கள் குறைவு. வைரல் வந்த வேகத்திலேயே நாலாம் கட்டத்துக்குப் போய்விட்டது. 'வைரல்' என்று படிக்கும்போது இன்று வைரஸ் என்ற நோய்க்கிருமி எத்தனை பேருக்கு ஞாபகம் வருகிறது?

படி 5: இரட்டைச் சொற்களில் எது போனது, எது நின்றது

ஒரே பொருளுக்குத் தமிழில் இரண்டு மூன்று சொல் இருக்கும்போது உருவகம் எல்லாவற்றையும் எடுப்பதில்லை. இந்தத் தேடலில் என்னை அதிகம் யோசிக்க வைத்த இடம் இது.

சுனாமிக்குக் கடற்கோள், ஆழிப்பேரலை என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. 2005இன் இதழ்களில் மூன்றும் கலந்து வரும். ஆனால் 'தேர்தல் கடற்கோள்' என்று எழுதிய தலைப்பை நான் பார்த்ததில்லை. நிலநடுக்கமும் பூகம்பமும் ஒன்றே. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவித்தலில் வருவது நிலநடுக்கம், கட்சி உடையும்போது வருவது பூகம்பம். அமுக்கம் தாழமுக்கத்திலும் உயர் குருதி அமுக்கத்திலும் நிற்கிறது. அரசியலில் அழுத்தம் கொடுக்கிறார்கள். அமுக்கக் குழு என்ற சொல் அரசியல் விஞ்ஞானப் பாடத்தில் இருப்பது உண்மை. அதுவும் பாடப்புத்தகச் சொல்தான், பரபரப்புத் தலைப்புக்கு வராது.

தலைப்பில் இடம் குறைவு, அதனால் சின்னச் சொல் வென்றது என்று ஒரு காரணம் சொல்லலாம். சுனாமி மூன்றெழுத்து, நிலநடுக்கம் ஏழு. ஆனால் கடற்கோளும் பூகம்பமும் இரண்டுமே ஐந்தெழுத்து. பூகம்பம் அரசியல் தலைப்புக்குப் போனது, கடற்கோள் நின்றுவிட்டது. ஆகவே நீளம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. கடற்கோள் என்ற சொல்லைப் பிரித்தால் உள்ளே கடல் இருக்கிறது, அது கொண்டுபோன செயல் இருக்கிறது. நிலநடுக்கத்தில் நிலம் இருக்கிறது. கடலும் நிலமும் சொல்லுக்குள்ளேயே தெரிகிற வரை அதை வாக்குக்கோ கட்சிக்கோ ஏற்ற மனம் ஒப்பாது. சுனாமியையும் பூகம்பத்தையும் வாசிக்கும் தமிழர் அவற்றைப் பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் அவற்றை எங்கும் தூக்கிக்கொண்டு போகலாம்.

இதை விதி என்று சொல்ல மாட்டேன். புயல் தமிழ்ச் சொல்தான். அரசியலில் புயல் கிளப்புவது பழைய வழக்கம். ஆனாலும் எந்தச் சொல்லை ஆராய்ந்தாலும் அதன் இரட்டையையும் சேர்த்துத் தேடுங்கள். அது எங்கே நின்றுவிட்டது என்பதிலிருந்தே பாதிக் கதை வரும்.

படி 6: எந்தக் குணம் எடுபட்டது, எது விடுபட்டது

இப்போது கொப்பியின் இடப்பக்கத்தையும் சேகரித்த வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சுனாமி உருவகத்தில் எடுபட்டவை மூன்று: பிரமாண்டம், திடீர், எதிர்த்து நிற்க முடியாமை. விடுபட்டவை: தொடராக வருவது, நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது, கரையை நெருங்கும்போது வேகம் குறைவது, பெரும்பாலும் கடலடி மேல்கீழாக அசைவதால் உருவாவது. 'சுனாமி வேகத்தில் வாக்கு' என்று எழுதுபவர் நடுக்கடல் வேகத்தைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுகிறார்.

மற்றச் சொற்களிலும் இதைச் சுருக்கமாகச் செய்து பழகலாம்.

'பேச்சுவார்த்தை கொதிநிலையைத் தாண்டியது' என்று எழுதுகிறோம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வெப்பநிலை கொதிநிலைக்கு மேல் ஏறாது. கூடுதல் வெப்பமெல்லாம் ஆவியாவதற்கே போகும். அந்தக் கொதிநிலையும் எங்கும் ஒன்றில்லை. கடல்மட்டத்தில் இருக்கும் திருகோணமலையில் 100 பாகை செல்சியஸ், நுவரெலியா உயரத்தில் ஏறத்தாழ 94.

ஒளியாண்டு தூரத்தின் அளவு, ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீற்றர். பெயரில் ஆண்டு இருப்பதால் 'பல ஒளியாண்டுகளுக்கு முன்' என்று காலமாக எழுதிவிடுகிறார்கள். இது உருவகத்தில் சேராது, பிழையிலேயே சேர்க்க வேண்டும்.

'புயலின் மையத்தில் சிக்கிய அமைச்சர்' என்பதில் மிக ஆபத்தான இடத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பலத்த சூறாவளியின் மையம், அதாவது அதன் கண், காற்று அடங்கிய இடம். கொடூரமான காற்று அதைச் சுற்றியுள்ள சுவரில்தான் இருக்கும். கண் கடக்கும்போது அமைதியை நம்பி வெளியே வருபவர்களை அடுத்த பக்கச் சுவர் எதிர்த்திசையிலிருந்து தாக்கும். 2020 டிசம்பர் 2 இரவு புரேவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. இந்தக் கரையில் செய்தி எழுதுபவர் கண் என்றால் என்ன என்று தெரிந்திருப்பது நல்லது.

தேசிய நீரோட்டம் என்ற சொல்லை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். திருக்கடலூரில் வலை இழுப்பவருக்கு நீரோட்டம் நாளுக்கு நாள் பார்க்கிற ஒன்று. வங்காள விரிகுடாவின் கரையோர நீரோட்டம் பருவக்காற்றோடு திசை மாறும். வாடையில் (வடகீழ்ப் பருவக்காற்றில்) ஒரு பக்கம், சோழகத்தில் (தென்மேல் பருவக்காற்றில்) இன்னொரு பக்கம். அரசியல் பக்கத்தில் நீரோட்டத்துக்கு ஒரே திசை, ஒரே நிலையான பெரிய ஓட்டம். மற்றவர்கள் வந்து கலக்க வேண்டியதுதான் மிச்சம். திசை மாறும் என்ற குணம் விடுபட்டதால் அந்த உருவகம் ஒரு தரப்பின் நியாயத்தைச் சத்தமில்லாமல் பேசுகிறது. யாருக்கு வசதியான குணம் எடுபட்டது என்றும் கேட்டுப் பாருங்கள்.

தாக்கம் எங்கள் பாடத்திட்டத்துக்கே உரிய சிக்கல். நியூட்டனின் மூன்றாம் விதியில் தாக்கத்துக்கு எதிரானது மறுதாக்கம். இரசாயனத்தில் இரண்டு பொருள் சேர்ந்து புதியது உண்டாவதே தாக்கம். பத்திரிகையில் விலையேற்றத்தின் தாக்கம். மூன்றும் மூன்று பொருள். தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் இரசாயனத் தாக்கத்தை வேதிவினை என்பதால் அங்குள்ளவருக்கு இந்தச் சிக்கல் எழாது.

படி 7: எந்த வழியாக வந்தது

வழிகள் பல. 2004 போல நிகழ்வே சொல்லைக் கொண்டுவரலாம். சினிமா கொண்டுவரலாம், நாயகன் நாயகி பொருத்தத்தைச் சொல்லும் கெமிஸ்ட்ரி அப்படி வந்தது. மேடைப் பேச்சு கொண்டுவரலாம். மிகப் பெரிய வழி, வெளிநாட்டுச் செய்தி முகவரகங்களின் ஆங்கிலச் செய்தியை இரவோடு இரவாக மொழிபெயர்க்கும் மேசை. அதிர்வலைகளை ஏற்படுத்துவது, பனிப்பாறையின் நுனி, லிட்மஸ் சோதனை எல்லாம் அந்த வழியால் வந்தவை.

லிட்மஸ் தாள் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: அமிலமா, காரமா. எவ்வளவு என்று அளந்து சொல்லாது. உள்ளூராட்சித் தேர்தல் அரசாங்கத்துக்கு லிட்மஸ் சோதனை என்று எழுதும்போது, எத்தனை வீதம் கூடியது, எத்தனை வீதம் குறைந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறோம். அதற்குப் பொருத்தமான சொல் பொற்கொல்லரிடம் இருக்கிறது. உரைகல்லில் தங்கத்தை உரைத்தால் எத்தனை மாற்று என்று தூய்மையின் அளவே தெரியும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று ஒருவரைச் சொல்வது அந்தத் தொழிலிலிருந்து வந்த உருவகம். திருக்குறள் 505, ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே கட்டளைக்கல் (உரைகல்) என்கிறது. உலோகம் சோதிக்கும் தொழில்நுட்பச் சொல் மனித குணத்துக்கு ஏறுவது தமிழில் அவ்வளவு பழையது. மேசையில் இருப்பவர் அந்தக் கையிருப்பைத் திறந்து பார்த்தாலே போதும்.

படி 8: உருவகம் திரும்பி வந்து என்ன செய்கிறது

பிரமாண்டமான, திடீரென வரும், ஒற்றையான ஒன்று. தலைப்புகள் சுனாமிக்குக் கொடுக்கும் படம் இது. 2004க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குச் சுனாமி கதையாகவும் தலைப்பாகவும்தான் தெரியும். அவர்களிடம் சுனாமியை வரையச் சொல்லிப் பாருங்கள். நெடுஞ்சுவராக எழுந்து சுருண்டு விழும் ஒற்றை அலையை வரைவார்கள். உண்மையில் பல இடங்களில் அது கடல்மட்டமே உயர்ந்து உள்ளே வருவது போலத்தான் வரும். முதல் அலை வடிந்ததும் முடிந்துவிட்டது என்று நினைத்து உடைமைகளை எடுக்கத் திரும்புவதே பெரிய ஆபத்து. 'தொடர்' என்ற குணம் மனதில் இருப்பவர் மேட்டிலேயே நிற்பார்.

2012 ஏப்ரல் 11ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நிலநடுக்கம். இலங்கைக் கரையோரங்களில் எச்சரிக்கை விடுக்கப்பட்டு மக்கள் உள்ளே நகர்ந்தார்கள். பெரிய சுனாமி வரவில்லை. அந்த நடுக்கத்தில் பாறைத் தட்டுகள் பெரும்பாலும் பக்கவாட்டாக உரசி நகர்ந்தன. கடலடி மேலும் கீழும் பெரிதாக அசையவில்லை, நீர்த்திரளும் பெரிதாக இடம்பெயரவில்லை. இந்தக் குணம் தெரிந்தவருக்கு எச்சரிக்கையும் சரி, சுனாமி வராததும் சரி. தெரியாதவருக்கு அது வெறும் 'பொய்ச் சுனாமி'. அடுத்த எச்சரிக்கைக்கு அவர் எழும்புவாரா என்பதுதான் கவலை. தலைப்பில் விடுபட்ட ஒரு குணம் எவ்வளவு தூரம் போகிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் இது.

நிலநடுக்கத்தை அளக்கும் ரிக்டரும் அப்படித்தான். 1935இல் சார்ள்ஸ் ரிக்டர் உருவாக்கிய அளவுமுறை பெரிய நடுக்கங்களுக்குச் சரிவராது என்பதால் இன்று வேறு முறையில் கணிக்கிறார்கள், 2004இல் சுனாமியை எழுப்பிய நடுக்கத்தின் 9.1 அப்படிக் கணித்தது. பத்திரிகை இன்றும் ரிக்டர் என்றே எழுதும். அதைவிட முக்கியம், அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்கு கூடும். எட்டுக்கும் ஒன்பதுக்கும் சின்ன வித்தியாசம் என்று வாசகர் நினைக்காமல் இருக்க, அந்த ஒரு வரியைச் செய்தியிலேயே சேருங்கள்.

படி 9: எழுதும்போது

உருவகத்தைத் தடை செய்யச் சொல்ல வரவில்லை. தடை செய்யவும் முடியாது. செய்தியை அனுப்ப முன் சிலவற்றைப் பாருங்கள்.

அதே இதழில், குறிப்பாக அதே பக்கத்தில், அந்தச் சொல் நேர் அர்த்தத்தில் வருகிறதா? தாழமுக்க எச்சரிக்கைக்குப் பக்கத்தில் 'கட்சிக்குள் சூறாவளி' நிற்கக்கூடாது. எச்சரிக்கை வந்த நாட்களில் வானிலைச் சொற்களை அரசியல் தலைப்புகளிலிருந்து எடுத்துவிடுவது நல்ல வழக்கம். டிசம்பர் 26 வரும் வாரத்தில் சுனாமிக்கும் அப்படியே. நினைவுநாள் செய்தியை வாசிக்கிற கண்ணே அடுத்த பக்கத்தையும் வாசிக்கும்.

சொல்லை எடுத்துவிட்டால் தகவல் குறைகிறதா? 'தேர்தல் சுனாமியில் ஆளுங்கட்சி அடித்துச் செல்லப்பட்டது' என்பதில் எத்தனை ஆசனம் என்று இல்லை. 'ஆளுங்கட்சி மாவட்டத்தில் இருந்த இரண்டு ஆசனங்களையும் இழந்தது' என்று எழுதினால் வாசகருக்குக் கூடக் கிடைக்கிறது, எழுத்தும் அதிகம் கூடவில்லை. எடுத்தால் ஏதோ ஒன்று உண்மையிலேயே குறைகிறது என்றால் உருவகம் அங்கே வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள்.

மேற்கோளுக்குள் இருப்பதைத் தொடாதீர்கள். பேசியவர் சுனாமி என்றால் சுனாமிதான். ஆனால் அவர் சொன்னதை மேற்கோள் குறி இல்லாமல் உங்கள் தலைப்பாக ஆக்கிவிடாதீர்கள். அந்த இடத்தில்தான் பேச்சாளரின் உருவகம் பத்திரிகையின் சொல்லாக மாறுகிறது.

நோய்ச் சொற்களில் இன்னும் கவனம் வேண்டும். ஊழலைப் புற்றுநோய் என்று எழுதும்போது, சிகிச்சைக்குப் பின் நலமாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தச் சொல் தீராத, வெட்டி எறிய வேண்டிய தீமை என்று போய்ச் சேர்கிறது. பல புற்றுநோய்களை நேரத்தோடு கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம் என்ற குணம் அங்கே விடுபடுகிறது. நான் அந்த உருவகத்தை எழுதுவதில்லை.

கடைசியாக, ஆராய்ந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஆசிரியபீடத்துக்குக் கொடுங்கள்: மேலே அறிவியல் குணங்கள், நடுவில் எடுபட்டவையும் விடுபட்டவையும், கீழே தவிர்க்க வேண்டிய நாட்களும் மாற்றாக எழுதக்கூடியதும். சுனாமி, சூறாவளி, நிலநடுக்கம் மூன்றுக்கும் முதலில் செய்யுங்கள். வாடை தொடங்க முன் செய்துவைத்தால் அந்த ஆண்டே பயன்படும்.